உச்சந்தலையில் வந்து உட்கார்ந்த சாட்சி

நனைந்த தோலைக் கல்லில் ஓங்கி அடித்தால் வருமே, அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். புறா இருந்த இடத்தில் புறா இல்லை. ஒரு கொத்து இறகு மட்டும் அந்தரத்தில் நின்று, பிறகு அவசரமே இல்லாமல் இறங்கியது. மற்ற புறாக்கள் தாராவியின் தகரக் கூரைகளுக்கு மேலே ஆளுக்கொரு திசையில் சிதறின. ஒரு சொட்டு ரத்தம் என் சட்டைப் பையில், சரியாகப் பேனா செருகும் இடத்தில், விழுந்தது.

அடுத்து நான் செய்ததை வீரம் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த மொட்டை மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு பூனை நுழையும் இடைவெளிதான் உண்டு. ஐம்பதை நெருங்கும் வயதையும் தொப்பையையும் மூட்டு வலியையும் சேர்த்துக்கொண்டு நான் அதற்குள் போய்விட்டேன். வெளியே வரத்தான் ஆள் தேவைப்பட்டது.

"ஏலே, வாலப் பாத்தியா?" என் காலைப் பிடித்து இழுத்தபடியே கத்தினான் கூட்டாளி. "வால் நடுவுல பிளந்து இருந்துச்சா, இல்லியா?"

"பாக்கலடா."

"பின்ன என்னத்தத்தாம்ல பாத்த?"

"என் முழங்கால."

அவன் சிரிக்கவில்லை. கூண்டைத் திறந்து வைத்து, நாக்கை மடித்து விசில் அடித்து, சிதறிய புறாக்களை ஒவ்வொன்றாக இறக்குவதில் இருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே வீடு, அதற்கும் மேலே புறாக்கூண்டு. அவன் உலகம் இப்படித்தான் கீழிருந்து மேலே முக்கியமாகிக்கொண்டே போகும். நான் அந்தப் பட்டறைக்கு ஜிப்பும் பக்கிளும் கொடுப்பவன், செம்பூர்க்காரன். மாலையில் சரக்கை இறக்கிவிட்டு அவன் மாடியில் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடித்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுப்பேன்.

அன்று செத்தது சாதாரணப் புறா. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் பறக்கும் வெள்ளைப் பெட்டை ஒன்று உண்டு, காலில் சிவப்பு வளையம் போட்டது. அது இறங்கினால்தான் மற்றவை இறங்கும். "இவ போயிட்டான்னா கூட்டமே போச்சு மாப்ள" என்பான். "அடுத்த மாடிக்காரன் ரெண்டு கை தானியத்த வீசுனா போதும், எல்லாம் அவன் கூண்டுல போய் உக்காந்துரும்." வெள்ளைப் பெட்டை கடைசியாக வந்து இறங்கியது. அவன் அதைக் கையில் எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்து, மூக்கில் முத்தம் கொடுத்தான். பெண்டாட்டிக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்ததற்கு நானேதான் காரணம். பூநாரை பார்க்கப் போகும் கூட்டத்தோடு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை சேற்றில் நின்றேன்; ஒரு தொலைநோக்கி வாங்கினேன்; அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜிப் விற்கப் போனேன். பூநாரை ரோஸ் நிறத்தில், ஆள் இடுப்பு உயரத்தில், ஆயிரக்கணக்கில் நிற்கும். அதை அடையாளம் காணத் தெரியாதவன் கண் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் தாராவியில் எனக்குப் பறவைக்காரன் என்று பெயர் வந்துவிட்டது. நானும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி அதே சத்தம். இந்த முறை தயாராக இருந்தேன். அதாவது, தொட்டிக்கு அடியில் ஏற்கெனவே படுத்திருந்தேன். அங்கிருந்து வானம் ஒரு சீப்பு அகலத்துக்குத் தெரியும். அந்தச் சீப்புக்குள் ஏதோ ஒன்று மேலிருந்து கீழே போனது. கைப்பேசியில் படமும் எடுத்துவிட்டேன். பெரிதாக்கினால் கறுப்பாக ஒரு காற்புள்ளி. இன்னும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக எதுவோ. வீட்டில் பறவைப் புத்தகத்தை விரித்துவைத்து அந்தக் காற்புள்ளியோடு உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே மீசைபோல் கோடு உண்டா, மார்பில் வரி நெடுக்கிலா குறுக்கிலா, காலில் இறகு எதுவரை என்றெல்லாம் புத்தகம் கேட்கிறது. எனக்குத் தெரிந்தது, அது மேலிருந்து கீழே வந்தது என்பது மட்டும். மழையும் அப்படித்தான் வருகிறது.

கூட்டாளிக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பக்கத்துக் கட்டடத்தை உரசிக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் உச்சியில் இரண்டு பருந்துகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. மரத்தடியில் அவனுக்கு ஒரு புறாக்கால் கிடைத்தது, மற்ற புறாக்களுக்கு அவன் போடும் அலுமினிய வளையத்தோடு. போதாததற்குக் கூட்டுக் குச்சிகளுக்கு நடுவே சிவப்பாக நாடா நாடாவாகத் தொங்கியது, அவன் பட்டறையில் வெட்டிப் போட்ட தோல் கழிவு.

"பாத்துக்கோ. என் தோல எடுத்து வீடு கட்டி, என் புறாவ வச்சே விருந்து" என்றான். சொன்ன கையோடு மூங்கில் கழி ஒன்றின் நுனியில், தோல் வெட்டும் கத்தியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். கட்டும்போது விரலை அறுத்துக்கொண்டான். அதையும் பருந்துக் கணக்கில் எழுதினான்.

ஆனால் கூட்டுக்குப் போக வழி அந்தப் பக்கத்துக் கட்டடத்து மாடிதான். அங்கே மேல் தளத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். கழியைப் பார்த்ததும் படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"பாய், அது கருடனாக்கும். பெருமாள் வாகனம். சனிக்கெழம சனிக்கெழம அதக் கும்பிட்டுட்டுத்தான் நான் பச்சத் தண்ணியே குடிக்கேன்."

"அக்கா, அது சீல்! நம்மூருக் கள்ளப்பருந்து! மும்பை பூரா சுத்துதே, குப்ப பொறுக்குத சீல்!"

"குப்ப பொறுக்குததுக்கு ஒடம்பு செங்கல் நெறமா இருக்குமோ? சாயங்காலம் வந்து பாரும், தகதகன்னு வரும்."

சாயங்கால வெயிலில் நான்கூடத் தகதகவென்றுதான் இருப்பேன். அதைச் சொல்ல வாய் எடுத்தேன்; அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கூட்டாளி கழியைச் சுவரில் சாத்தினான். முரடன்தான், ஆனால் அக்கம்பக்கத்து மரியாதை தெரிந்தவன். "கருடன்னா ஒரு குச்சியக்கூட நான் அசைக்க மாட்டேன்க்கா. ஒங்க சாமி விஷயம் அது. சீல்னா மட்டும் என்ன விட்ரணும். வால் பிளந்திருந்தா சீல், உருண்டிருந்தா கருடன். நம்ம பறவக்காரன் மேல போய்ப் பாத்துச் சொல்லட்டும். அவன் சொல்றதுதான் முடிவு."

"சரி. அண்ணாச்சி சொல்லட்டும்" என்று அக்காவும் நகர்ந்து வழி விட்டார்.

ஒரு குடும்பத்தின் உயிர் ஒரு ஜிப் வியாபாரியின் கையில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அக்காவின் மாடியில் ஈரத் துணிகள் காய்ந்தன. கூடு எனக்கு இரண்டு ஆள் உயரத்தில், கிளைக்கு நடுவே இருந்தது. பருந்து எதுவும் கண்ணில் படவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, நிபுணர்கள் செய்வதுபோல் "ம்ம்" என்றேன். அடுத்த ம் வருவதற்குள் யாரோ பின்னாலிருந்து என் வழுக்கையில் நாலு பக்கமும் கொக்கி போட்டு இழுத்தார்கள். எரிச்சல், சூடு, ஈரம். கத்தினேனா என்று கேட்டால், செம்பூர் வரை கேட்டிருக்கும். திரும்பினேன், முகத்துக்கு நேரே திறந்த நகங்கள், ஒவ்வொன்றும் தோல் தைக்கும் ஊசி அளவுக்கு. போர்வையை இழுத்து மூடப் பார்த்தேன். கொடிக்கயிறு அறுந்து போர்வை, பாவாடை, தலையணை உறை எல்லாவற்றோடும் சேர்ந்து விழுந்தேன். காதுக்குப் பின்னால் மறுபடி ஒரு அடி. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அக்காவின் தலையணை உறையால் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தேன்.

பார்த்துவிட்டேன்! பறவை என் தலைக்கு மேலே திரும்பியது. அகலமான இறக்கை, உடம்பெல்லாம் மங்கிய பழுப்பு, தலையில் வெள்ளை இல்லை, வால், ஐயா, வால், நடுவே மீன்வால்போல் அழகாகப் பிளந்திருந்தது. என் வாழ்நாளில் ஒரு பறவையை அத்தனை தெளிவாக நான் கண்டதே இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

"கள்ளப்பருந்து!" என்று கூவினேன். "கருடனே இல்ல! சத்தியமா கள்ளப்பருந்து! வால் பிளந்திருக்கு!"

அது தீர்ப்பு என்பது கூவி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்தப் பறவை என்ன என்றுதான் நான் கண்டுபிடித்திருந்தேன். புறாவைக் கொன்றது எது என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டும் வேறு வேறு கேள்வி. அதை விளக்கிச் சொல்லலாம் என்று போர்வைக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள், கூட்டாளி கழியோடு படிக்கட்டில் தடதடவென்று ஏறி வந்துவிட்டான்.

அதற்கு முன், நான் மேலே இருந்த நேரத்தில், அவன் இன்னொரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தான். கூட்டைக் கலைத்தால் பருந்து இரண்டும் கூட்டைச் சுற்றியேதான் நிற்கும், வானம் காலி, அந்த நேரத்தில் புறாக்கள் நிம்மதியாக ஒரு சுற்று வரட்டும் என்று கூண்டைத் திறந்துவிட்டிருந்தான். கெட்டிக்காரக் கணக்குதான். அவன் மாடிக்கு மேலே கூட்டம் வட்டமடித்தது, முன்னால் வெள்ளைப் பெட்டை.

அக்கா பின்னாலேயே ஏறி வந்தார். என் தலையைப் பார்த்தார், ஒரு கை மஞ்சள்தூளை அப்பினார், கையிலிருந்த அலுமினிய இட்லிச் சட்டியை என் தலையில் கவிழ்த்தார். "கண்ணு தெரியுமா அண்ணாச்சி ஒமக்கு?" என்றார். "நீரு சொன்ன ஒத்த சொல்லுக்கு ரெண்டு குஞ்சு சாவப்போவுது."

"மச்சான், நில்லுடா. இதுதான் கொன்னுச்சுன்னு நான் சொல்லல" என்றேன்.

"வால் பிளந்திருக்குன்னு சொன்னியா இல்லியா?"

"இதோட வாலச் சொன்னேன். அதோட வால நான் பாக்கவே இல்லியே."

"ஒன் ஆராய்ச்சிய மயிரா மதிப்பேன். தள்ளு."

கழியை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தான். கூட்டின் ஒரு பக்கம் கழன்று குச்சியும் கம்பியும் பிளாஸ்டிக்கும் அவன் முகத்தில் கொட்டின. அதோடு ஒரு குஞ்சும் வந்தது. பஞ்சுபோல் இருந்தது. கீழே இருந்த தகரத்தில் மோதி, ஒரு முறை வாயைத் திறந்து, கழுத்து மடிந்து கிடந்தது. அவ்வளவுதான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டாளியின் கையும் ஒரு கணம் நின்றது. நின்ற அந்தக் கணத்தில் தாய் வந்து சேர்ந்தது.

அதன்பின் நடந்ததை நான் சண்டை என்று சொல்ல மாட்டேன். சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். பருந்து அவன் உச்சந்தலையில் இறங்கி, இரண்டு காலாலும் கவ்விப் பிடித்து, இறக்கையால் கன்னத்தில் மாறி மாறி அறைந்தது. அவன் கழியைக் கண்டபடி சுழற்றினான். கத்தி மிச்சமிருந்த கொடிக்கயிற்றை வெட்டியது, அவன் தோளையே வெட்டியது, என் சட்டையைக் கிழித்தது, பருந்தை மட்டும் தொடவில்லை. நெற்றித் தோல் பிய்ந்து புருவத்தின் மேல் தொங்கியது. "எடுல! இத எடுல!" என்று அலறினான். எடுக்கப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் இன்னொரு பருந்து என் சட்டியில் வந்து மோதியது. டங்கென்று காதடைத்தது. சட்டி பின்னால் சரிந்தது, அதோடு என் தலையும் அண்ணாந்தது.

அதனால்தான் பார்த்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

மாட்டுங்கா பக்கம் கட்டி முடிக்காத உயரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தது. கல் சாய்வாக விழாது என்று யோசிப்பதற்குள் அது எங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டது. இறக்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, விழுவதுபோல் வந்தது. புறாக்கூட்டத்தின் முன்னால் போய் ஒரு தட்டு. அதே சத்தம், நனைந்த தோல், கல். வெள்ளைப் பெட்டையின் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அது விழத் தொடங்கியதும் அந்தப் பறவை வளைந்து வந்து, அந்தரத்திலேயே பிடித்து, மார்பில் அணைத்துக்கொண்டு வந்த வழியே ஏறியது. இறக்கை அரிவாள்போல் நுனி கூர்ந்திருந்தது. கன்னத்தில் கறுப்பாக ஏதோ கோடு இருந்ததுபோல். சத்தியம் செய்ய மாட்டேன். வால் குட்டை, பிளவு இல்லை.

கூட்டாளியும் பார்த்தான். தலையில் பருந்து உட்கார்ந்திருக்க, ரத்தத்துக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து, தன் புறா போவதை அவன் பார்த்தான். அவன் குற்றம் சாட்டிய பறவை அந்த நேரம் எங்கே இருந்தது என்பதற்கு அவன் மண்டையைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. அதன் ஜோடி எங்கே இருந்தது என்பதற்கு என் சட்டி சாட்சி.

கழியைக் கீழே போட்டான். பருந்தும் விட்டுவிட்டுக் கூட்டுக்குப் போனது.

தன் மாடிக்கு ஓடினான். நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். விசில் அடிக்க வாயைக் குவித்தான். உதட்டில் ரத்தம் வழிந்து, காற்று மட்டும் வந்தது. துப்பிவிட்டு மறுபடி முயன்றான். தூரத்து மாடி ஒன்றில் ஒருவன் தானியத்தை வீசுவது தெரிந்தது. எங்கள் புறாக்கள் சில அங்கே இறங்குவதும் தெரிந்தது. அக்கா அரிசியை முறத்தோடு கொண்டுவந்து கூண்டு வாசலில் கொட்டினார். நான் சட்டியைத் தட்டினேன், வேறென்ன செய்வதென்று தெரியாமல். இருட்டுவதற்குள் பாதிக் கூட்டம் திரும்பியது. மீதி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர் எது கடித்தது என்று கேட்டார். "கடிக்கல, அடிச்சது" என்றான் அவன். "எது?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "கள்ளப்பருந்து டாக்டர். உறுதியாகத் தெரியும்" என்றேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. மற்றதை வீட்டில் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்: பைரி. பனிக்காலத்துக்கு வருவது, பறக்கிற பறவையைப் பறக்கும்போதே அடித்துக் கொல்வது. அடித்ததில் கீழே சிந்துவதைப் பருந்துகள் பொறுக்கிக்கொள்ளும். மரத்தடிப் புறாக்காலின் கதை அதுதான்.

கைப்பேசியில் அவனிடம் சொன்னேன். "அந்த இன்னொரு குஞ்சு இருக்கால?" என்றான்.

மறுநாள் காலை தலையில் கட்டோடு அவன் அக்காவின் மாடியில் நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, தோல் வார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாய், ஹெல்மெட்டாவது போட்டுக்கிடும்." "கட்டுக்கு மேல ஏற மாட்டேங்கு அக்கா." மேலே ஏறி, பிய்ந்துபோன பக்கத்தில் கூடையை வைத்து வாரால் கிளையோடு இறுக்கினான். தாய்க்கு நல்ல எண்ணம் கெட்ட எண்ணம் என்று வித்தியாசம் தெரியவில்லை. முதுகில் அடித்தது, பிடரியில் அடித்தது, தையல் போட்ட இடத்திலேயே ஒன்று போட்டது. அவன் ஒரு சத்தம் போடவில்லை. முடிச்சுப் போட்டு முடித்து, ஓரத்துக்கு நகர்ந்திருந்த குஞ்சைக் கூடைக்குள் தள்ளினான். அது அவன் கட்டைவிரலைக் கிழித்தது. இறங்கி வந்து விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பனி போகும்வரை கூண்டைத் திறக்கவில்லை. புறாக்கள் உள்ளேயே முட்டி மோதி ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. நான் வரும்போதெல்லாம் தொலைநோக்கியோடு மாட்டுங்காக் கட்டடத்தின் உச்சியைப் பார்ப்பேன்; கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால் தலையை ஆட்டுவேன், அவன் கீழே பட்டறைக்குப் போய்விடுவான். ஹோலி முடிந்து வெயில் ஏறிய பிறகு புள்ளி இல்லை. மறுநாளும் இல்லை. இல்லாததை அடையாளம் காண்பது இருப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. இல்லை என்று நான் சொல்லி, இருந்துவிட்டால்?

"தொறக்கட்டா?" கொண்டியில் கை வைத்துக்கொண்டு கேட்டான். தலைமைக்கு ஒரு சாம்பல் பெட்டையைப் பழக்கியிருந்தான்.

தொலைநோக்கியைத் துடைத்து, அந்த உச்சியை இன்னொரு முறை பார்த்தேன். "தொற."

புறாக்கள் தடதடவென்று ஏறின. ஒரு வட்டம். இரண்டாவது வட்டத்தில் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து பெரிய உருவம் ஒன்று கிளம்பி நேரே கூட்டத்துக்குள் நுழைந்தது. புறாக்கள் வெடித்துச் சிதறின. கூட்டாளி கீழே கிடந்த கல்லை எடுத்துக் கையை ஓங்கினான். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இறக்கை தள்ளாடியது. திசை தெரியாமல் ஒரு புறம் சாய்ந்து, அவன் வீட்டு டிவி டிஷ்ஷில் உட்காரப் பார்த்து, வழுக்கி விழுந்து, மறுபடி பறந்தது. அந்தக் குஞ்சுதான். பறக்கப் படிக்கிறது.

"அடிக்காத! நம்ம குஞ்சு! நம்ம குஞ்சு!" என்று குதித்துக் குதித்துக் கத்தினேன். அந்தக் கத்தலில், இறங்கப் பார்த்த புறாக்களும் மிரண்டு மறுபடி மேலே போய்விட்டன.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பிறகு கல்லை என் மேல் எறிந்தான். கணுக்காலில் சரியாகப் பட்டது.